நாற்பத்து மூன்று நாள் வெயில்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டிகிரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "என்னக்கா இன்னிக்கு இப்படிக் கொளுத்துது" என்று யாராவது வாசலில் நின்று அலுத்துக்கொண்டால், "முப்பத்தொன்பது புள்ளி நாலு" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். மற்றவர்களுக்கு வெயில் என்றால் வியர்வை, எரிச்சல், சீக்கிரம் காய்கிற துணி. அவளுக்கு வெயில் ஓர் எண்.

வானிலை நிலையத்தில் அளவு எடுத்து எழுதுவது அவள் வேலை. இருபத்து நான்கு வருடமாக அதே வேலை. நிலையம் என்று சொன்னால் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்பி வேலி போட்ட ஒரு புல்தரை, ஓர் அறைக் கட்டடம், மழைமானி, காற்றின் திசை காட்டும் கம்பம், நடுவில் நான்கு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் வெப்பமானிகள். காலை எட்டரைக்கு ஒருமுறை, மாலை ஐந்தரைக்கு ஒருமுறை அதைத் திறக்க வேண்டும். திறந்ததும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். மூச்சுக்காற்று பட்டாலே பாதரசம் ஏறிவிடும். கண் பாதரசத்தின் தலைக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும், பிறகுதான் முழு டிகிரி. பக்கத்தில் ஆள் வந்து நின்ற சூட்டில் முதலில் பொய்யாகப்போவது அந்தக் கடைசி எண்தான்.

இந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் என்றால் வெப்பமானியைக் கண்ணுக்கு நேரே பிடித்து மூச்சை அடக்கிப் படிப்பாள். "பிள்ளைக்குக் காய்ச்சலா, உனக்கு மூச்சு நின்னுடுச்சான்னு தெரியல" என்று கணவர் கிண்டல் செய்வார்.

கணவருக்குக் கூரை வேலை. மொட்டை மாடிகளில் மழைநீர் ஒழுகாமல் தார்ஷீட் ஒட்டுவார். ஒருவர் ஷீட்டைச் சுருள் பிரித்துக்கொண்டே போக, இன்னொருவர் கேஸ் சிலிண்டரில் மாட்டிய, நுனியில் நெருப்பு கக்கும் நீளமான குழாயால் அதன் அடிப்பக்கத்தைச் சுட்டு இளக்கிக்கொண்டே பின்னால் வர வேண்டும். கீழே தார், கையில் நெருப்பு, மேலே சூரியன். முப்பது வருடம் அப்படி வெந்தவர். அவருக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்தார்கள். மேஸ்திரி என்றால் அந்த வட்டாரத்தில் அவர்தான்.

அவர்கள் சந்தித்ததே நிலையத்தின் கூரை ஒழுகியதால்தான். வேலைக்கு வந்த முதல் நாள் அவர் தார் உருக்கும் டிரம்மை வெள்ளைப் பெட்டிக்குப் பத்தடி தள்ளி வைத்து மூட்டிவிட்டார். புதிதாக வேலையில் சேர்ந்திருந்த அவள் ஓடிவந்து, "இங்க வைக்காதீங்க, அளவு தப்பாயிடும்" என்றாள். ஏன், எதற்கு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொதிக்கிற டிரம்மை இரண்டு கம்பிகளில் மாட்டி வேலிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். அன்று அவள் மனதில் விழுந்தவர், விழுந்தவர்தான்.

அந்த மனிதர் போன கோடையில் ஒரு மாடியில் மயங்கி விழுந்தார். நல்ல வேளையாகக் கைப்பிடிச் சுவருக்கு உட்பக்கம் விழுந்தார். தண்ணீர் தெளித்ததும் எழுந்து, அரை மணியில் மறுபடி குழாயைக் கையில் எடுத்துக்கொண்டாராம். ஒரு வாரம் கழித்து வேலையாள் ஒருவன் வாய் தவறிச் சொல்லித்தான் வீட்டுக்கே தெரிந்தது. மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பிடிவாதமாக அப்பாவின் ரத்தத்தை எடுத்துப் போனாள். சிறுநீரகம் களைத்துப்போயிருக்கிறது என்றது முடிவு. "மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூணு வரைக்கும் வெயில்ல நிக்கக் கூடாது. இன்னொரு தடவை விழுந்தா நான் பொறுப்பில்லை" என்றார் டாக்டர்.

"அன்னிக்குக் காலையில சாப்பிடாமப் போயிட்டேன், அதான் மயக்கம்" என்றார் கணவர்.

"ரத்தமும் பொய் சொல்லுதாப்பா?" என்றாள் மகள்.

"ரத்தம் எடுத்த அன்னிக்குத் தண்ணி குடிக்கல."

எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. வெயில் கூடிவிட்டது என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். இந்தக் கோடையும் வந்துவிட்டது. அவள் பெட்டியைத் திறந்து நாற்பது, நாற்பத்தொன்று என்று எழுதும் ஒவ்வொரு மாலையும், இந்நேரம் அவர் எந்த மாடியில் நிற்கிறாரோ என்று வேலிக்கு வெளியே தெரியும் கூரைகளைப் பார்ப்பாள். தன் கையால் அவருக்கு நாள் குறிக்கிறோமோ என்றுகூட ஒருமுறை நினைத்தாள். நினைத்ததற்காக அழுதாள்.

அப்போதுதான் அந்த ஆவணப்படம் வந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் படமெடுக்கும் குழு ஒன்று நிலையத்துக்கு வந்து இரண்டு நாள் இருந்தது. பெட்டியைத் திறப்பதை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "நேரம் தவறித் திறக்க மாட்டேன், நாளைக்கு எட்டரைக்கு வாங்க" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பியவள் அவள். பூமி சூடாகிறது என்பதற்கு என்னென்ன சான்றுகள் உண்டு என்று காட்டும் ஒரு மணி நேரப் படம். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் தொலைக்காட்சியில் போடுவதாகச் செய்தி வந்தது.

தன் கையால் எழுதிய கணக்கை, தன் வீட்டுக் கூடத்தில், ஊரறியப் படமாகக் காட்டினால் அவர் நம்புவார். டிரம்மைத் தூக்கி வெளியே வைத்தவர், மதியத்தில் மாடியை விட்டும் இறங்குவார். அவள் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தாள். துணிக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனாரையும் வரச் சொல்லியிருந்தாள். தங்கை எதிரில் இருந்தால் அண்ணன் கொஞ்சம் அடங்குவார் என்று ஒரு நம்பிக்கை.

பதினேழாவது நிமிடத்தில் அவள் கை வந்தது. பெட்டியைத் திறக்கும் கை, எழுதும் கை.

"அண்ணி, கை மட்டும்தானா? முகத்துக்கு என்ன குறைச்சலாம்?" என்றாள் நாத்தனார்.

"வாட்ச் நல்லா தெரியுது" என்றார் கணவர். அந்தக் கைக்கடிகாரம் அவர் வாங்கிக் கொடுத்தது.

அதன்பின் ஒரு விஞ்ஞானி வந்து வரைபடத்தைக் காட்டினார். அந்த வட்டாரத்து நிலையங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட முப்பத்தைந்து வருடக் கோடு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மொத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. நாற்பது டிகிரியைத் தாண்டிய நாட்கள் ஆரம்பத்தில் வருடத்துக்கு நான்கோ ஐந்தோ. இப்போது இருபதுக்கு மேல் என்றார்.

"போன குளிர்காலத்துல ரெண்டு போர்வை போர்த்தினோமே, அது எந்தக் கணக்குல வருது?" என்றார் கணவர்.

"அது ஒரு மாசம்ப்பா. இவங்க சொல்றது முப்பத்தஞ்சு வருஷம்."

"சரி, சூரியனே சூடாயிருக்கலாம்ல? அதுக்கு வயசாகுது."

"இப்பதான்ப்பா சொன்னாங்க. சூரியன்தான் காரணம்னா வானத்தோட மேல் அடுக்கும் சேர்ந்து சூடாகணும். ஆனா மேல குளிர்ந்துக்கிட்டுப் போகுது, கீழதான் சூடாகுது. நடுவுல புகை போர்வை மாதிரி மூடியிருக்கு. நீங்க டீ எடுக்கப் போன நேரத்துல சொன்னாங்க."

"மேல போய் யார் பார்த்தா?"

"பலூன் விட்டுப் பார்க்கிறாங்க. அம்மா ஆபீஸ்லயே விடுவாங்க."

"எங்க நிலையத்துல இல்ல, தலைமை அலுவலகத்துல" என்று திருத்தினாள் அவள். தப்பான தகவல் தன் பக்கம் இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

"ஊர் பூரா கட்டடம், ஏசி, வண்டி. ஊருக்குள்ள சூடு கூடியிருக்கும். உலகத்துக்கே எப்படிக் கூடும்?" என்றார் அவர்.

"கடல்லயும் கூடியிருக்காமே அண்ணா" என்றாள் நாத்தனார். "கடல்ல யாரு வீடு கட்டி ஏசி போட்டா?"

மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போனது. அவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டி, மறுபடி வரைபடத்துக்குக் கொண்டுவந்தார். எழுந்து போய், கோடு ஏறத் தொடங்கும் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது எந்த வருஷம்?"

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாப்பா ஆஸ்பத்திரியில கிடந்த வருஷம்" என்றார் அவரே. "நாப்பத்து மூணு நாள். அந்த நாப்பத்து மூணு நாளும் உங்கம்மா அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்ல. நோட்டை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேத்து எவ்வளவு எழுதினாளோ அதுல புள்ளி ரெண்டைக் கூட்டு, புள்ளி மூணைக் குறை. கட்டில் பக்கத்துல உக்காந்து எழுதினது இது. இதைத்தான் படம் பிடிச்சு உலகத்துக்குக் காட்டறாங்க. இதை நம்பி நான் கூரையை விட்டு இறங்கணுமாம்."

திரையில் அந்தச் சிவப்புக் கோடு உறைந்து நின்றது.

"அம்மா?" என்றாள் மகள். அந்தக் கட்டிலில் கிடந்தவளே அவள்தான். அப்போது மூன்று வயது.

டிகிரி அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த டம்ளர்களையே மறுபடி கழுவினாள்.

உண்மைதான். ஒரு வார்த்தைகூட அவர் கூட்டிச் சொல்லவில்லை. குழந்தைக்கு மூளைக் காய்ச்சல் என்றார்கள். அப்போது நிலையத்தில் வேறு ஆள் கிடையாது. விடுப்பு எழுதினால் மாற்றல் ஆகும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். தினமும் இரண்டு வேளை ஆஸ்பத்திரி வாசலில் இருந்த தொலைபேசியிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு எண்களைச் சொன்னாள். இல்லாத வெயிலை இருப்பதாகச் சொன்னாள். குழந்தை கண் திறந்த நாற்பத்து நான்காவது நாள் காலை, நேராக நிலையத்துக்கு ஓடிப் பெட்டியைத் திறந்து, கண்ணீர் மறைக்க மறைக்க, உண்மையான எண்ணைப் படித்தாள். அதன்பின் பத்தொன்பது வருடம் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள், இடுப்பளவுத் தண்ணீரில் போயிருக்கிறாள். அத்தனையும் அந்த நாற்பத்து மூன்று நாளுக்கான தண்டனை என்று அவளுக்கு மட்டும் தெரியும். அவளுக்கும், அவருக்கும். கட்டிய கணவனிடம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்த ரகசியம் அது.

அவர் அதைச் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் பெரிது. பொய் எழுதியவள் எந்த வாயால் வாதாடுவாள்?

செவ்வாய்க்கிழமை எட்டரை அளவை எழுதியதும் பகலுக்கு மட்டும் விடுப்புப் போட்டுவிட்டு, பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து தலைமை அலுவலகத்துக்குப் போனாள். பழைய பதிவேட்டின் பிரதியைக் கைப்பையில் வைத்திருந்தாள். தகவல் பிரிவு அதிகாரி அவளைவிடப் பத்து வயது சிறியவள். மேசையில் பாதி சாப்பிட்ட பிஸ்கட் பொட்டலம், மூன்று கோப்பைகள். டிகிரி அக்கா உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"என் கணக்கை எடுத்துடுங்க மேடம். அந்தப் படத்துக்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க. வேலை போனாலும் பரவாயில்ல."

அதிகாரி கணினியில் எதையோ தேடினாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். தேதிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஓர் எண். அந்த நாற்பத்து மூன்று எண்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் குறி.

"இது என்ன குறி?"

"பயன்படுத்த வேண்டாம்னு அர்த்தம். பத்தொன்பது வருஷமா இப்படித்தான் இருக்கு. இந்த நாட்கள் எந்தக் கணக்குலயும் சேரல. படத்துல காட்டின கோட்டுலயும் சேரல."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சுத்தியிருக்கற பதினோரு நிலையத்தோட ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு நாள் அங்க எல்லாம் மேகம் மூடி நாலு டிகிரி இறங்கியிருக்கு. உங்களுதுல புள்ளி மூணு இறங்கியிருக்கு." அதிகாரி லேசாகச் சிரித்தாள். "நீங்க எழுதினது ரொம்ப அழகா இருக்குங்க. நிஜ வெயில் அவ்வளவு ஒழுங்கா நடந்துக்காது."

டிகிரி அக்கா அப்போதுதான் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"யாரும் என்னைக் கேக்கலயே மேடம்."

அதிகாரி பழைய கோப்பு ஒன்றின் பக்கத்தைத் திரையில் திறந்தாள். ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள். எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்ட ஒரு மேலதிகாரியின் கையெழுத்து. 'குழந்தை ஆஸ்பத்திரியில். இப்போது கேட்க வேண்டாம்.'

அந்த வரியை அவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பத்தொன்பது வருடமாகத் தனியாகச் சுமந்த பாரத்தை, முகம்கூட நினைவில்லாத ஒரு மனிதர் முதல் மாதத்திலேயே படித்துவிட்டு, ஒரு பென்சில் வரியோடு இறக்கி வைத்திருந்தார். அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

"ஆனா நீங்க வந்து சொல்லிட்டீங்க, நான் இனி பேசாம இருக்க முடியாது" என்றாள் அதிகாரி. "எழுத்துல கொடுங்க. ஒரு மெமோ வரும். பெரிசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"வரட்டும் மேடம்."

அதிகாரி மூன்று கோடுகளை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள். அவள் நாட்களைச் சேர்த்து ஒன்று, அவற்றை நீக்கி ஒன்று, அவளுடைய நிலையத்தையே முழுதாக நீக்கி ஒன்று. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு மேலே ஏறின.

அன்று மாலை கணவர் பின்கட்டில் உட்கார்ந்து, சமையல் எண்ணெயைத் தேய்த்துக் கையிலிருந்த தாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் தாளை எதிரே பிடித்துக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். அது இன்னும் மோசம். கேட்டு முடித்ததும் சொன்னார்: "அப்ப, அவங்களுக்குப் பிடிக்காத எண்ணைத் தூக்கிடுவாங்க. அதானே?"

"பிடிக்காததை இல்லங்க, பொய்யானதை."

"எது பொய்னு யார் முடிவு பண்றது? அவங்களே."

"நான் சொன்னது பொய்தானே? சரியாத்தானே கண்டுபிடிச்சிருக்காங்க. பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவங்க சொல்றதை நம்பக் கூடாதா?"

"கண்டுபிடிச்சவன் உன்கிட்ட சொல்லாம மூடி வச்சானே, அதுக்கு என்ன பேரு?"

"குழந்தைக்காகங்க. நம்ம குழந்தைக்காக."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். உனக்கு ஒரு காரணம், அவனுக்கு ஒரு காரணம். எண் எழுதறவனும் மனுஷன்தானே."

அவளுக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. இவர் ஒன்றும் மூளையில்லாதவர் அல்ல. ஒரு மாடியைப் பார்த்ததும் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும் என்று சொல்லிவிடுவார். எட்டாத இடத்து விரிசலையும் உள்ளே கசிந்த ஈரத்தை வைத்தே கண்டுபிடிப்பார். கூரையில் நேரில் பார்க்காததைத் தடயத்தை வைத்து நம்புகிற மனிதர், வெயிலில் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். கதவை எந்தப் பக்கம் தட்டினாலும் அவர் வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

"டாக்டர் சொன்னது?"

"அவர் ஏசியில உக்காந்துக்கிட்டு எதை வேணாலும் சொல்வார்."

வியாழக்கிழமை அவள் நிலையத்தின் அலமாரியிலிருந்து ஒரு கருவியை எழுதிக் கொடுத்து வாங்கினாள். கிலுகிலுப்பை மாதிரி கைப்பிடி உள்ளது. அதைப் பிடித்துக் காற்றில் சுழற்றினால், வெள்ளைப் பெட்டி இல்லாத இடத்திலும் காற்றின் வெப்பத்தைச் சரியாகக் காட்டும். இப்போது நிலையத்தில் துணைக்கு இருந்த இன்னொரு பணியாளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டரைக்குக் கணவர் வேலை செய்த மூன்று மாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறினாள்.

மேலே கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. செருப்பின் அடி ஒட்டி ஒட்டி வந்தது. கணவர் குழாயைப் பிடித்திருந்தார். வேலையாள் ஒருவன் ஷீட்டைப் பிரித்துக்கொண்டு பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். மற்ற மூவரும் சுருள்களைத் தூக்கி வந்தார்கள்.

"இங்க எதுக்கு வந்த?" என்றார் கணவர்.

"அளவெடுக்க."

"நீ படிச்சா நான் நம்பணுமா?"

நான்கு பேர் எதிரில் அவர் அதைச் சொன்னார். அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"நான் படிக்கல. நீங்களே படிங்க."

வேலையாட்களில் மூத்தவர் சிரித்தார். "பிடிங்க மேஸ்திரி. குழந்தையில விளையாடாததை இப்ப விளையாடுங்க."

வேறு வழியில்லாமல் அவர் குழாயை அணைத்து வைத்துவிட்டு, படிக்கட்டு அறையின் நிழலோரம் நின்று கருவியைச் சுழற்றினார். இரண்டு நிமிடம். சுழற்றுவது அவருக்கு நன்றாகவே வந்தது. நிறுத்தி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எவ்வளவு மேஸ்திரி?"

"நாப்பத்து நாலு. புள்ளி ரெண்டு."

வேலையாட்களில் ஒருவன் மெல்ல விசிலடித்தான்.

"சரி, நாப்பத்து நாலு" என்றார் கணவர், அவளைப் பார்த்து. "முப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே மாடியில எவ்வளவு? எழுதி வச்சிருக்கியா? ஒரு நாள் அளவை வச்சு வெயில் கூடிடுச்சுன்னு சொல்லிடலாமா? நீயே சொல்லு."

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் போதும். இந்த நான்கு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. இதே இடத்தில் வேலை முடிந்துவிடும். இருபத்து நான்கு வருடத்தில் அவளுக்கு அப்படி ஆசை காட்டிய பொய் இன்னொன்று இல்லை.

"இல்ல" என்றாள். "ஒரு நாளை வச்சுச் சொல்ல முடியாது. நீங்க சொல்றது சரிதான்."

அவருக்கே அது எதிர்பாராததாக இருந்தது. வெற்றி கிடைத்த முகம்தான். ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாத முகம்.

"முப்பது வருஷத்தை விடுங்க" என்றாள் அவள். "கூடிச்சோ கூடலையோ, எனக்கு வேண்டாம். நான் தோத்துட்டேன்னே வச்சுக்குங்க. இன்னிக்கு நாப்பத்து நாலு. நீங்களே படிச்சது. இதுல நிக்கற உடம்பு உங்களுக்கு இல்லை. இறங்குங்க."

"வேலை கிடக்கு."

"இறங்குங்கன்னு சொல்றேன்." அவள் அழத் தொடங்கிவிட்டாள். அழுதுகொண்டே பேசுவது அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "உங்ககிட்ட எதைக் காட்டறது நான்? ரத்தத்தைக் காட்டினேன், படத்தைக் காட்டினேன், என் மானத்தையே எடுத்துக் காட்டினேன். இன்னும் என்னதான் காட்டணும்?"

அவர் குனிந்து குழாயை எடுத்தார். பற்ற வைப்பதற்காக லைட்டரைத் தேடினார்.

அப்போது மூத்த வேலையாள் தோளில் இருந்த ஷீட் சுருளைக் கீழே இறக்கி வைத்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேஸ்திரி, தப்பா நினைக்காதீங்க. போன மாசத்திலிருந்தே சொல்லணும்னு இருந்தோம். நீங்க நிக்கறப்ப நாங்க எப்படி இறங்கறதுன்னுதான் நின்னோம். மூணு மணிக்கு மேல வர்றேன். பொழுது சாயறவரைக்கும் சேர்த்து வேலை பாத்துக்கலாம்."

மூத்தவர் படியிறங்கிப் போனார். மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னால் போனார்கள். ஷீட்டைப் பிடித்திருந்தவன் மட்டும் கொஞ்சம் தயங்கினான். "அக்கா, தண்ணி கேன் கீழ இருக்கு, கொண்டுவரவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவனும் இறங்கிவிட்டான்.

தார்ஷீட் வேலை ஓர் ஆளால் ஆகாது. பிரிக்க ஒருவர் வேண்டும், சுட ஒருவர் வேண்டும். கணவர் பாதி பிரிந்து கிடந்த சுருளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இவளைப் பிடிக்கச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்திருப்பார். பிறகு குழாயைக் கீழே வைத்துவிட்டு, படிக்கட்டு அறைக்குள் வந்து மேல்படியில் உட்கார்ந்தார். அவளும் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். அவர் மூச்சு இரைப்பது இப்போதுதான் கேட்டது. சட்டை முதுகில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. முழங்காலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆளுங்க முன்னாடி என்னை இறக்கிட்ட" என்றார்.

"நீங்க கூடத்துல என்னை இறக்கினீங்க."

கீழே யாரோ சிரிப்பதும் வாளியில் தண்ணீர் மொள்வதும் கேட்டன.

"வெயில் கூடலைன்னுதான் நான் இப்பவும் சொல்றேன்."

"சொல்லுங்க."

"அந்தப் படம், கோடு, ஒண்ணையும் நான் நம்பல."

"நம்ப வேண்டாம்."

"நீ பொய் எழுதினதும் எழுதினதுதான்."

"எழுதினதுதான். மெமோ வந்ததும் கொண்டு வந்து காட்டறேன்."

அவர் கைப்பிடியைப் பற்றி எழுந்திருக்கப் பார்த்தார். அவள் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் தேய்த்தும் போகாத தார் அவள் விரலில் ஒட்டியது.

"மணி ஒண்ணுதான் ஆகுது" என்றாள்.

அவர் மறுபடி உட்கார்ந்தார்.